வந்தவர் பேர் சொல்லவில்லை

என் மகள் ஸ்டெல்லாவுக்கு மூளைக்காய்ச்சல் என்று டாக்டர் சொன்னார். மெட்ராஸுக்குச் சென்னை என்று பேர் மாற்றிய வருஷம், ஐப்பசி மழை. பட்டினப்பாக்கத்தில் எங்கள் குடிசைக்குள் தண்ணீர். கட்டுமரங்கள் எல்லாம் கடலுக்குப் போகாமல் மணலில் கிடந்தன. பத்தொன்பது வயசுப் பெண், தீவிர சிகிச்சை அறையில், என்னையே அடையாளம் தெரியாமல் கிடந்தாள்.

அந்த அறைக்கு வெளியே இருந்த வராண்டாவில்தான் என் குடித்தனம். பக்கத்தில் மயிலாப்பூரிலிருந்து வந்த ஜானகி மாமி. உள்ளே அவருடைய வீட்டுக்காரர். நான் செபமாலை உருட்டுவேன். மாமி சுலோகம் முணுமுணுப்பார்.

நாள் போகப் போக எனக்கு ஜெபம் வரவில்லை. சின்ன வயசிலிருந்து சொல்லும் மன்றாட்டுகூடப் பாதியில் மறந்துபோகும். ஒரு மத்தியானம் மாலையை மடியில் போட்டுவிட்டு, "சேசுவே, என்னால முடியல" என்று மட்டும் சொன்னேன். மகளைக் காப்பாற்று என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

அப்போது நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். வெளிச்சம் இல்லை. குரல் இல்லை. தலையில் மீன்கூடையோடு தெருத்தெருவாக அலைந்து, தனியாக இறக்க முடியாமல் நிற்கும்போது யாராவது எதிரில் வந்து ஒரு கை கொடுப்பார்களே, அப்படி இருந்தது. பாரம் இறங்கியது. கண்ணுக்குத் தெரியாமல் என் பக்கத்தில் ஆள் இருப்பது மட்டும் புரிந்தது. சுவரில் சாய்ந்து தூங்கிப்போனேன்.

மறுநாள் காலை ஸ்டெல்லா கண் திறந்து தண்ணீர் கேட்டாள். அதே காலையில் மாமியின் வீட்டுக்காரர் இறந்துபோனார்.

வீட்டுக்கு வந்ததும் என் புருஷன் அந்தோணியிடம் சொன்னேன். தன் தம்பியைக் கடல் கொண்டுபோனதிலிருந்து அவர் கோயில் வாசலை மிதிப்பதில்லை.

"சோறு தண்ணி இல்லாம குந்திக்கினு இருந்த. கண்ணு சொருகிச்சு. அதுக்கு சாமின்னு பேரு வெக்கிற. டாக்டரு மருந்த மாத்துனாரு, புள்ள பொழச்சிச்சு."

"மருந்துலதான் பொழச்சா. நான் இல்லேன்னேனா? அங்க ஆளு இருந்திச்சின்னுதான் சொல்றேன்."

"அப்ப அந்த மயிலாப்பூரு அம்மாவுக்கு மட்டும் இன்னாத்துக்கு வரல?"

 மறுநாள் மீன்கூடையைத் தூக்கும்போதும் அதே கேள்விதான். மனசு கேட்காமல், ஒருநாள் வியாபாரம் முடித்து, குளித்துவிட்டு, மாமி வீட்டைத் தேடிப் போனேன். வாசலிலேயே நின்றேன். "உள்ள வாங்கோ மேரி" என்று கையைப் பிடித்து அழைத்துப்போய்க் காபி கொடுத்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் வந்தது மேரி. அவர் போறதுக்கு மொதல் நாள். பக்கத்துல யாரோ உக்காந்துண்டு இருக்கறாப்பல. இவர் பொழைச்சுடுவார்னுதான் அர்த்தம்னு நெனச்சுண்டேன்."

"அப்ப அது பொய்யா மாமி?"

"அவர் போனப்பறமும் அது போகலையே. பொய்னு எப்படிச் சொல்லுவேன்? நிஜம்னு காட்டுன்னு யாராவது கேட்டா, அதுக்கும் என்கிட்ட ஒண்ணும் இல்லை."

இரண்டு பேரும் அழுதோம்.

இதைக் கேட்டுவிட்டு எங்கள் பங்குக் கோயிலில் சிலர் என்னிடம், "அந்த அம்மா கும்பிடுறது வேற சாமியாச்சே?" என்று கேட்டார்கள். நான் படிக்காதவள். சேசுவே என்று கூப்பிட்டேன், துணை வந்தது. வந்தவர் பேர் சொல்லவில்லை. மாமியிடம் வந்தது யார் என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்?

அந்தக் காய்ச்சலால் ஸ்டெல்லாவுக்கு இப்போது ஒரு காது கேட்பதில்லை. அந்தோணி இன்னும் கோயிலுக்கு வருவதில்லை. நான் அவரோடு மல்லுக்கட்டுவதும் இல்லை. கடவுள் இருக்கிறார் என்பதற்கு என் மகள் பிழைத்ததைச் சாட்சியாக வைக்கமாட்டேன். வைத்தால், மாமி வீட்டில் போன உயிரை எதிர்ச்சாட்சியாக வைக்க வேண்டிவரும். அந்த மத்தியானத்தை மட்டும் வைக்கிறேன். எனக்கு அது போதும். அதற்காக அன்று வந்தவருக்கு நன்றி சொல்லாத நாள் இல்லை. உங்களுக்குப் போதுமா என்று எனக்குத் தெரியாது.

முன்பெல்லாம் ஆஸ்பத்திரி வாடையே எனக்கு ஆகாது. இப்போது வெள்ளிக்கிழமைகளில் அந்த வராண்டாவுக்குப் போய், தனியாக இருப்பவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். புத்திமதி எதுவும் சொல்வதில்லை.

உங்களில் யாருக்காவது ஜெபம் வராமல் போனால் வார்த்தை தேடாதீர்கள். இருக்கிற களைப்போடு கடவுள் முன்னால் உட்காருங்கள். அவர் இருக்கிறாரா என்ற சந்தேகம் இருந்தால், அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே உட்காருங்கள். அதற்காக அவர் எழுந்து போய்விடமாட்டார்.