விரித்த கைகளின் அளவு

புதன்கிழமை காலை ஷெரின் தொலைபேசியில் அழைத்தாள். எங்கள் அமலதாஸின் மகள். "அங்கிள், அப்பா எழும்பேல்லை" என்றாள். "படுக்கட்டும் பிள்ளை, நேற்று என்னோட கனநேரம் கதைச்சவர்" என்றேன். அவள் அழத் தொடங்கிய பிறகும் எனக்கு விளங்கவில்லை. உறக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டதாம். அடக்கம் முடிந்து, தள்ளிவைத்த எங்கள் மாதக் கூட்டத்துக்கு நீங்கள் எல்லோரும் வந்திருக்கிறீர்கள். எனக்கு இன்னும் விளங்கவில்லை.

டோர்செட் பார்க் காப்புறுதி அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசை அவருடையது. மாதம் ஒருமுறை வோபர்னில் இந்த அறையில் ஒரு சொல்லை எடுத்துப் பிரித்து மேய்வார். கப்பல் சொற்கள் என்றால் அவருக்கு உயிர். ஊரில் கடல் சூழ்ந்த தீவுப்பகுதியில் பிறந்த அதே மனிதர், ஒரு கோடையில் டொரொண்டோத் தீவுக்குப் போன படகில் கரை தட்டுமுன் சத்தி எடுத்தார். "இது வெறும் குளமெல்லே ஐசே" என்று வாரினேன். "குளமோ கடலோ, ஆட்டம் ஒண்டுதான்" என்றார் வாயைத் துடைத்தபடி.

இம்மாதம் அவர் எடுத்த ஆங்கிலச் சொல் ஃபாதம். கடலாழத்தைச் சொல்லும் ஆறடி அளவு. செவ்வாய் மாலை தொலைபேசியில் எனக்கு முன்னோட்டம் நடந்தது. அந்தக் காலத்து மாலுமிகள் ஈயக்குண்டு கட்டிய கயிற்றைத் தண்ணீரில் விட்டு, இழுத்தெடுக்கையில் இரு கைகளையும் விரித்து அளப்பார்களாம். ஒரு விரிப்பு ஒரு ஃபாதம். எங்கள் கரையில் அதையே பாகம் என்பார்கள். விறகு அடுக்கை அளக்கவும் ஃபாதம் போனது. ஜெர்மன் மொழியில் அதன் உறவுச்சொல் தைக்கிற நூலாகிவிட்டது. ஆழம் பார்க்கும் சொல், ஒன்றை விளங்கிக்கொள்வதையும் பிறகு குறித்தது. "சின்ன அகராதியை நம்பாதையும். பழைய பொருளை அடியில ஒளிச்சு வைச்சிருப்பாங்கள்" என்றார்.

"அப்ப எல்லாத்துக்கும் முந்தின பொருள் என்ன?"

"அது சனிக்கிழமைக் கூட்டத்தில. நீர் முன்னுக்கு வந்து ரெண்டு கையையும் விரிச்சு நிக்கவேணும்."

"என்னை என்ன தோட்டத்து வெருளி எண்டு நினைச்சீரோ?"

"நில்லுமன் ஐசே."

"சரி, ஓம், நிக்கிறன்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வைத்தார். அவ்வளவுதான். செவ்வாய் மாலை சிரித்த மனிதர் புதன் காலை இல்லை என்றால், அதை எந்த மனம் ஏற்கும்?

அடக்கத்தன்று ஷெரினிடம் கேட்டேன், என்னை எதற்கு நிற்கச் சொன்னார் என்று.

"உங்களை ஹக் பண்ணத்தான் அங்கிள். அந்த வேர்டின்ர ஓல்டெஸ்ட் மீனிங் அதுதானாம், கட்டிப்பிடிக்கிறது."

எத்தனையோ வருடம் பக்கத்தில் இருந்தும் கைகுலுக்கலைத் தாண்டாதவர்கள் நாங்கள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"செவ்வாய் இரவு என்னோடதான் பிராக்டிஸ் பண்ணினவர். சின்னனில தூக்கினதுக்குப் பிறகு அப்பா என்னைக் கட்டிப்பிடிச்சது அண்டைக்குத்தான். நான் 'ஓகே அப்பா, போதும்' எண்டு சொல்லிப்போட்டன்."

அவளை அணைத்து ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். அப்படித்தானே நாங்கள் வளர்ந்தோம்.

அவர் சேர்த்த சொற்களை நீங்கள் பங்கிட்டுக்கொள்ளுங்கள். இந்த ஒன்றின் முதல் பொருளை நான் வைத்துக்கொள்கிறேன். நிற்பதாக அவருக்குச் சொல்லியிருக்கிறேன். இதோ, தாளைக் கீழே வைத்துவிட்டுக் கைகளை விரிக்கிறேன். ஷெரின், முன்னுக்கு வாங்கோ பிள்ளை.