முந்தி வந்த மூன்று தட்டு

என் அப்பா ரயில்பாதைக் காவலர். தினமும் காலையில் தோளில் சுத்தியலும் கையில் சிவப்புக் கொடியுமாக, ஏரிக்கரை ஓரம் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். எதிர்ப்பக்கத்திலிருந்து மாமா, அதாவது அம்மாவின் தம்பி, நடந்து வர வேண்டும். இருவரும் நடுவில் இருக்கும் சின்னப் பாலத்தில் சந்தித்த பிறகே திரும்பலாம். விதி அப்படி.

விதியைப் போட்டவனுக்கு முழங்கால் வலி தெரியுமா? இந்த இரண்டு புத்திசாலிகளும் சுருக்குவழி கண்டுபிடித்தார்கள். மழைக்காலத்தில் பாலத்துக்குக் கொஞ்ச தூரம் முன்பே நின்று, அப்பா தண்டவாளத்தில் மூன்று தட்டுத் தட்டுவார். அந்தப் பக்கத்திலிருந்து மாமா மூன்று தட்டுத் தட்டினால் பாதை சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அவரவர் வழியே திரும்பிவிடுவார்கள்.

அந்த வாரம் மழை விடவே இல்லை. முதல் மூன்று நாளும் அப்பா தட்டினார், பதில் வந்தது. நான்காம் நாள் அவர் சுத்தியலை எடுப்பதற்குள் காலடித் தண்டவாளத்தில் சத்தம் கேட்டது. டொக், டொக், டொக்.

மாமா தன் கல்யாணத்துக்கே தாமதமாக வந்தவர். அவர் முந்திக்கொண்டு பதில் சொல்வாரா? எட்டேகால் வண்டிக்குப் பத்து நிமிடம்தான் இருந்தது. அதில்தான் நான் தினமும் வேலைக்குப் போவேன்.

பாலத்தை நோக்கி ஓடினார். பாலத்தை ஒட்டிய மண்மேட்டைத் தண்ணீர் தின்றிருந்தது. கீழே லாரியே நிற்கும் அளவுக்குப் பொந்து. மேலே தண்டவாளம் அந்தரத்தில் தொங்கி, ஆடி ஆடிப் பாலத்துச் சுவரில் இடித்துக்கொண்டிருந்தது. டொக், டொக், டொக்.

கொடியை விரித்துக்கொண்டு வந்த வழியே ஓடி வந்து வண்டியை நிறுத்தினார். நான் இறங்கி அவரிடம் ஓடியபோது, நான் உயிர் தப்பியதற்குச் சந்தோஷப்படக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"மாமாவத் தண்ணி கொண்டுபோயிடுச்சும்மா" என்று அழுதார்.

சாலை வழியாக மாமா வீட்டுக்கு ஓடினோம். அவர் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, கட்டிலில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், இப்படி நனைஞ்சு வந்திருக்கீங்க? நாலு நாளா என்னால எந்திரிக்கவே முடியல. நீங்கதான் இருக்கீங்களேன்னு ஆபீஸ்லகூடச் சொல்லல."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். "அப்போ மூணு நாளா எனக்குப் பதில் சொன்னது யாருடா?"

வாய்க்குப் போன டம்ளர் பாதியிலேயே நின்றது. அந்த மூன்று நாளும் போக வர, ஜன்னலோரம் நிம்மதியாகத் தூங்கியபடி, ஆறு முறை நான் வளர்ந்துகொண்டிருந்த அந்தப் பொந்தின் மேல் கடந்திருக்கிறேன்.