ஆற்றோரத்துப் பற்றை

அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அருவியாற்றங்கரையில் எங்கள் வயலைக் காணவில்லை. புதர் மண்டிய பற்றைக்காடுதான் நின்றது. நிவாரண அரிசியின் மணமே எனக்கு வெறுத்துப் போயிருந்தது. அந்த மாரியில் எங்கள் நெல்லில் ஒரு பானை சோறு ஆக்கிவிட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

வயலைத் துப்புரவாக்கியது சரி. என் மனுசன் அதோடு நிற்கவில்லை. ஆற்றோரத்துப் பற்றையிலும் கத்தியை வைத்தார்.

“இஞ்சருங்கோ, அதை விடுங்கோ. வெள்ளம் வந்தா மணலை மறிக்கிறது அதுதானே?”

“முழுக்கப் பாம்பு. வெட்டினாத்தான் நிம்மதி.”

சொல்வழி கேட்காத மனிதர். அடியோடு வெட்டி எரித்தார். பக்கத்து வயல் அண்ணைக்கு அந்த வசதி இல்லை. அவருடைய கரையில் கண்ணிவெடி இருப்பதாகச் சிவப்புப் பலகை நட்டிருந்தார்கள். வெட்ட முடியவில்லையே என்று புறுபுறுத்துக்கொண்டே விதைத்தார்.

மார்கழியில் ஆறு பெருகியது. கூழாங்கல்லை அடியில் உருட்டிக்கொண்டு, குருமணலை எத்தி எத்தித் தள்ளிக்கொண்டு, சேற்றைத் தண்ணீரோடு கலந்துகொண்டு வரும் ஆறு அது. எங்கே வேகம் குறைகிறதோ அங்கே பாரமானதை முதலில் போட்டுவிடும். அண்ணையின் பற்றைக்குள் புகுந்து அடங்கிய வெள்ளம் மணலை அங்கேயே விட்டுவிட்டது. அவருடைய பயிரில் மெல்லிய வண்டல் மட்டும் படிந்தது. எங்கள் பயிருக்கு மேல் முழங்கால் உயரத்துக்குக் குருமணல்.

ஐயோ, நான் ஏசின ஏச்சு! மனுசன் மணலுக்குள் கையை விட்டு ஒரு பயிரை இழுத்தெடுத்தார், பிறகு அப்படியே குந்திவிட்டார். அதைப் பார்த்ததும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. அந்த வருடமும் நிவாரண அரிசிதான்.

அடுத்த மாரிக்கு முன் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் அண்ணையின் கரைக்கு வந்தார்கள். முதலில் ஓடிப்போனது என் மனுசன்தான்.

“தம்பிமார், வெடியை எடுங்கோ. பற்றையில மட்டும் கை வையாதேங்கோ.”

“பற்றையை வெட்டாம வெடியைத் தேடேலாது ஐயா” என்றான் ஒருவன்.

அண்ணை தன் வயலைப் பார்த்தார். “அப்ப வெடி கிடக்கட்டும். நீங்கள் போங்கோ.”

வெடியை விட்டுவைக்கிறதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவருடைய மனைவி, இடுப்பில் பிள்ளையோடு, முன்னுக்கு வந்தார்.

“நீங்கள் வெட்டுங்கோ தம்பி. மணல் வந்தா நாங்கள் அள்ளுவம்.”