ஐந்து கொய்யாக் காம்புகள்

கல்யாணமான இரண்டாம் வருஷம், என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து லீவில் வந்திருந்தார். திரும்பிப் போக இரண்டே நாள் பாக்கி. கையில் உப்புக்கண்டம் கொடுத்தனுப்புகிறேன் என்று நான் பெருமையாகச் சொல்லியிருந்தேன். கறியை வார் வாராக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்த அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. கம்பைநல்லூர்ப் பக்கம் மழைக்கு ஏங்கிக் கிடக்கிற ஊர்கள். அதற்கு என்மேல் என்ன கோபமோ, வெயில் கண்ணிலேயே படவில்லை.

வெயில் இல்லாவிட்டால் புகை. என் அம்மா வீட்டில் கொய்யா விறகில்தான் புகை போடுவோம். வேம்பு கசக்கும், புளி சூட்டிலேயே கறியை வேகவைத்துவிடும். பட்டை உரித்து நிழலில் காயவைத்த கொய்யாதான் நின்று புகையும். அப்படி ஒரு கட்டு மாட்டுக்கொட்டகையில் வைத்திருந்தேன். அது சாரலில் நனைந்து கிடந்தது. கறியை அடுப்புக்கு மேலே கட்டிவிட்டு ஊதி ஊதிக் கண் சிவந்ததுதான் மிச்சம். எனக்குப் பொறுமை என்றைக்கு இருந்தது? சீமெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து மொத்தக் கட்டின் மேலும் கவிழ்த்துவிட்டேன்.

பக்கத்து வீட்டு பாய் மண்வெட்டிக்குக் காம்பு செதுக்குகிறவர். வாடை அடித்ததும் ஓடி வந்தார்.

“மொதல்ல கறிய வெளிய எடும்மா! சீமெண்ணெ நாத்தம் ஏறுச்சுன்னா நாய்கூட மோந்து பாக்காது!”

கறி தப்பியது, விறகு போய்விட்டது. “நாளான்னிக்கு ரயிலுங்க பாய், வெறுங்கையோட எப்பிடிங்க அனுப்பறது?” என்று அழுதேவிட்டேன்.

அவர் போய் ஐந்து காம்புகளோடு வந்தார். சந்தைக்கென்று செதுக்கி முடித்தவை, வழவழவென்று இருந்தன. “ரெண்டு வருசம் காஞ்ச கொய்யாம்மா. நல்லவேளை, இன்னும் எண்ணெ போடல” என்றார். வேண்டாம் என்று நான் வாயெடுப்பதற்குள் முதல் காம்பு துண்டு துண்டாகிவிட்டது.

அடுப்பைக் கழுவி, புதுத் தணல் போட்டு, மேலே கொடியில் கறியைத் திரும்பவும் கட்டினேன். துண்டுகளைத் தணலில் வைத்ததும் எரியாமல் நீலமாக ஒரு புகை எழுந்தது. பழமே இல்லாத மாதத்தில் அடுப்படி முழுக்கக் கொய்யாப்பழ வாசனை! வெட்டி இரண்டு வருஷமாகியும் அந்த மரம் தன் பழத்தை மறக்கவில்லையே என்று மலைத்து நின்றேன். அந்த மனுஷரை நினைத்தால் அதைவிட மலைப்பாக இருந்தது. இரண்டு நாளும் அடுப்பை விட்டு நான் நகரவில்லை. கறி கருஞ்சிவப்பாக இறுகியது. தகர டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. ‘எல்லோரும் சாப்பிட்டோம். ஒரு துண்டை மட்டும் தின்னாமல் வைத்திருக்கிறேன். டப்பாவைத் திறந்தால் நம் வீட்டு வாசனை வருகிறது.’

அழுதுகொண்டே போய் பாயிடம் படித்துக் காட்டினேன். பச்சைக் கொய்யாக் கழி ஒன்றைப் பட்டை உரித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார்.

“அப்ப அஞ்சும் வித்துப்போச்சும்மா” என்றார்.