ஆள், ஊர், மிருகம், சாப்பாடு

எங்கள் ரோட்டில் பாதிப்பேர் காலையில் சாப்பிடுவது ஜஸ்லா பிழிந்த இடியப்பம்தான். என் கடைக்கும் அவள்தான் கொண்டுவந்து தருவாள். கூடையை வைத்துவிட்டுப் போக எவ்வளவு நேரம் வேண்டும்? ஆனால் அவள் உடனே போகமாட்டாள். நானும் போக விடமாட்டேன். யாருக்குக் கலியாணம் பேசுகிறார்கள், யார் வீட்டில் சண்டை என்று இரண்டு வார்த்தை பேசினால்தான் எங்கள் இருவருக்கும் தேநீர் இறங்கும். அப்படி இருந்தவள் ஒருநாள் கூடையை வைத்துவிட்டு, ஊர் விஷயம் எதுவும் கேட்காமல், என்னிடம் ஒரு மிருகம் கேட்டாள்.

"ஷிஹாம் நானா, 'ஓ'வுல ஒரு மிருகம் செல்லுங்க. ஓநாய் வேணாம். அது போய்ட்டு."

மீன் ஆகுமா என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். உயிரோடு இருக்கும்வரை மீனும் மிருகம்தான் என்று நானே ஃபத்வா கொடுத்து, ஓரா மீனைக் கொடுத்தேன். சந்தோஷமாகப் போனாள். எனக்குத்தான் வியாபாரம் ஓடவில்லை. ஒரு பொம்பளை விடியற்காலையில் மிருகம் தேடினால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்க வேண்டும்.

இருந்தது. அவளுடைய புருஷன் அன்ஸாப் கட்டாரில் ஹோட்டல் ஒன்றில் ஏசி திருத்துகிறான். நானும் அவனும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போய், ஒன்றாகவே போகாமல் விட்டவர்கள். ஒவ்வொரு முறை அக்ரிமன்ட் முடியும்போதும் இதுதான் கடைசி என்பான். இந்த முறை அதையும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைக்கப்போகிறேன் என்று ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல் வாசித்திருக்கிறான். ஜஸ்லா சத்தம் போடவில்லை. இனி கோல் எடுக்க வேண்டாம் என்று சொல்லி போனை வைத்துவிட்டாள். அதன்பிறகு அவன் எடுத்த எந்தக் கோலுக்கும் பதில் இல்லை.

பல நாள் கழித்து அவளிடமிருந்து ஒரு மெசேஜ் மட்டும் போயிருக்கிறது. வாத்தியார் வராத நாளில் வகுப்பில் எல்லோரும் விளையாடும் விளையாட்டுத்தான். ஓர் எழுத்தைச் சொன்னால் அந்த எழுத்தில் ஓர் ஆள், ஓர் ஊர், ஒரு மிருகம், ஒரு சாப்பாடு சொல்ல வேண்டும். ஒருநாள் அவள் எழுத்து அனுப்புவாள், அவன் நிரப்ப வேண்டும். மறுநாள் அவன் அனுப்புவான். ஒருமுறை சொன்ன சொல் மறுபடி வரக்கூடாது. ஒரு கட்டம் காலியாக விட்டாலும் தோல்வி. அவள் வென்றால் அவன் கையெழுத்து வைக்காமல் வீட்டுக்கு வர வேண்டும். அவன் வென்றால் அந்த இரண்டு வருடத்தைப் பற்றி அவள் வாய் திறக்கமாட்டாள்.

அன்ஸாப் சிரித்துக்கொண்டே சம்மதித்தான். 'ஈ' வந்தாலே இவள் நின்றுவிடுவாள் என்று என்னிடம் போனில் சொன்னான். பொம்பளை பிடிவாதம் தெரியாத மனிதன்.

சொல் சேர்ப்பதற்கு ஜஸ்லா போகாத இடமில்லை. ஊர்ப்பெயருக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள். நாவுலவுக்குப் போகும் பஸ்ஸின் கொண்டக்டரிடம், வழியில் என்னென்ன ஊர் வரும் என்று ஒன்று விடாமல் கேட்டாள். பிறகு பல்லேகம பஸ், பிறகு தம்புள்ள பஸ். எந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. சாப்பாட்டுக்கு நேசம்மா மிஸ்ஸைப் பிடித்தாள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் வேலை, தினமும் என் கடையில் இடியப்பம் வாங்குபவர். 'ஒ'வில் கேட்டதும் அவர் யோசிக்கவே இல்லை. "ஒடியல் கூழ் எண்டு எழுதும் பிள்ளை," என்றவர், அது எப்படிக் காய்ச்சுவது என்று சொல்ல ஆரம்பித்து வேலைக்குப் பிந்திவிட்டார்.

சேர்த்த சொல்லை அவள் எழுதி வைப்பதில்லை. ஒரு தட்டுக்கு ஓர் எழுத்து. 'க' என்றால் தட்டில் மாவைப் பிழிந்து முடிப்பதற்குள் நாலு கட்டத்தையும் வாய்க்குள் சொல்லிவிட வேண்டும். தடுக்கினால் அந்தத் தட்டிலேயே இடியப்பம் தடித்துவிடும். எந்த எழுத்தில் அவளுக்குச் சொல் குறைவு என்பதை நான் சாப்பிட்டே தெரிந்துகொண்டேன்.

அந்தப் பக்கம் அன்ஸாபும் சும்மா இருக்கவில்லை. அறையில் கூட இருக்கும் இந்தியாக்காரர்களிடம் கேட்டு 'ஈ'வுக்கு ஈரோடு அனுப்பினான். அப்படி ஓர் ஊரே கிடையாது என்று ஜஸ்லா என் போனில் மேப் பார்த்து, இருக்கிறது என்று தெரிந்ததும் அந்த ஊரையே ஏசினாள். சரக்குத் தீர்ந்தால் அவனும் எனக்குத்தான் கோல் எடுப்பான். நான் இரண்டு பேருக்கும் கொடுத்தேன். ஒரே சொல்லை இருவருக்கும் கொடுக்காமல் பார்த்துக்கொண்டேன். அதற்குமேல் நேர்மையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

இதற்கிடையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கதை கிளம்பிவிட்டது. புருஷனோடு பேச்சு வார்த்தை இல்லாதவள், தினமும் வந்து தூரத்து ஊருக்கெல்லாம் பஸ் விசாரிக்கிறாள் என்றால் ஊர் வேறு என்ன நினைக்கும்? அன்ஸாபின் உம்மா மஸூதா மாமி முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு மருமகள் வீட்டுக்கே போய், நீ எங்கே ஓடப்போகிறாய் என்று கேட்டுவிட்டார். ஜஸ்லா மாவு பிசைந்த கையோடு வந்து,

"ஓடல்ல மாமி. ஒங்கட மகனக் கூப்புட்றேன். 'ஹ'வுல ஊர் ஒண்டு தெரியுமா?" என்றாள்.

மாமி முழு விஷயத்தையும் கேட்டார். மகன் கையெழுத்து வைக்கப்போவது அவருக்கே அப்போதுதான் தெரியும். முக்காட்டைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்து, ஹப்புத்தளை என்றார். அன்றிலிருந்து மாமியும் இந்தக் கட்சி. பள்ளிவாசல் கந்தூரிக்குப் போனாலும் பக்கத்தில் இருப்பவர்களிடம் பழம், பட்சி எல்லாம் விசாரித்துக்கொண்டு வருவார்.

கையெழுத்து வைக்கும் நாள் நெருங்கியது. ஜஸ்லா ஓர் எழுத்தை மட்டும் அதுவரை தொடாமல் பத்திரமாக வைத்திருந்தாள். அதுதான் 'ய'. அதில் யானையை விட்டால் வேறு மிருகம் இல்லை. சாப்பாடு கஷ்டத்திலும் கஷ்டம். அதை அனுப்பிவிட்டு, அன்று முழுக்கக் கடைப்பக்கம் வந்து வந்து போனாள். மஃரிப் தொழுகைக்கு முன்னால் பதில் வந்தது. போனைப் பார்த்தாள். என் கையில் கொடுத்தாள்.

யூனுஸ், யெமன், யானை, யோகட்.

சனியன் நிரப்பிவிட்டான். பரவாயில்லை, இன்னும் எழுத்து இருக்கிறது, நாளைக்குப் பார்ப்போம் என்றேன். அவள் காலி மூட்டையொன்றின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"பிழ ஒண்டும் இல்ல நானா. யெமனும் சரிதான்," என்றாள். பிறகு, "என்ட உம்மாட ஊடு எங்க ஈக்கி?" என்றாள்.

யட்டவத்தையில். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நிக்காஹ் நடந்ததும் அங்கேதான். மாப்பிள்ளைத் தோழனாகப் போய், பலர் சேர்ந்து உண்ணும் ஸஹன் தட்டில் இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கியவன் நான். எனக்கும் ஞாபகம் வரவில்லை. ஆனால் நான் மாப்பிள்ளை இல்லையே.

"ரெண்டு பெருநாளைக்கும் போய்த் திண்ட ஊரு அவருக்கு வாயில வரல்ல," என்றாள். "இன்னும் ரெண்டு வருஷம் போனா 'ஜ'வுல ஆள் கேட்டா என்ட பேரும் வராது நானா."

அங்கேயே உட்கார்ந்து, நீங்க வெண்டுட்டீங்க, சைன் பண்ணுங்க என்று அனுப்பினாள். போனை மடியில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அடுத்தநாள் இடியப்பம் எல்லாம் நூல்நூலாக, ஒரே அளவாக வந்தது. தட்டுக்கு மேல் சொல் எதுவும் இல்லை. என் பங்கையும் சேர்த்து விற்றுவிட்டேன்.

வென்றவன் சந்தோஷப்பட வேண்டும் அல்லவா? அன்ஸாப் எனக்குக் கோல் எடுத்து, இவ்வளவு நாள் விடாப்பிடியாக நின்றவள் ஏன் திடீரென்று கையை விட்டாள், நான் ஏதாவது பிழையாகப் போட்டேனா என்று கேட்டான். யெமன் ஊர்தானே என்று வேறு வாதாடினான். ஊர்தான், யார் இல்லை என்றது என்றேன்.

"நீ மாப்பிள்ளையா போய் எறங்கின ஊர் எது மச்சான்? செல்லு."

 அந்தப் பக்கம் ஏதோ மெஷின் ஓடுவது மட்டும் கேட்டது. அவள் 'ஜ'வைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். என்னை யாரும் சொல்லச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை. கோல் கட்டாகிவிட்டது.

அவன் கையெழுத்து வைக்கவில்லை. சொல்லாமல் கொள்ளாமல், கயிறு கட்டிய சூட்கேஸோடு ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ நாளில் வந்து இறங்கினான். மாமி அழுதார். ரோடே வாசலில் நின்றது. எனக்கு ஒரு தைலப் போத்தலும் சொக்லட்டும் கிடைத்தது. ஜஸ்லா மட்டும் கதவில் சாய்ந்து, வெண்டது நீங்கதானே, எனத்துக்கு வந்தீங்க என்று கேட்டாள்.  அவன், இப்போதே யட்டவத்தைக்குப் போவோம், உன் உம்மாவைப் பார்க்க வேண்டும் என்றான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நாளைக்கு ஓடர் ஈக்கி. அத முடிச்சிட்டுப் போவம்," என்று சொல்லி இடியப்ப உரலை அவன் கையில் கொடுத்தாள்.

இப்போது அவன் சீகிரியா பக்கத்து ஹோட்டல்களில் ஏசி திருத்தப் போகிறான். வேலையிலிருந்து துரத்திவிட்டார்கள் என்று ஊரில் ஒரு கதை ஓடுகிறது. என் கடையில் வைத்துத்தான் அதையும் பேசுகிறார்கள். பேசினால்தானே தேநீர் போகும். ஆனால் நான் சொன்ன இதுதான் உண்மை.

அவன் வந்த மறுநாள் காலையில் கூடைக்குள் இருந்ததை இடியப்பம் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. காகம் கூடு கட்டியதுபோல் கிடந்தது. நேசம்மா மிஸ் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஷிஹாம், உது ஆர் பிழிஞ்சது?"

"கட்டார்ல இருந்து வந்த சாமான் மிஸ்," என்றேன்.

அவர் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கட்டச் சொன்னார்.