கற்பூரம் காட்டிய கருவி

எண்பதுகளில், விண்வெளிக்குப் போகவிருந்த ஒரு தொலைநோக்கியின் கருவிப் பகுதியைச் சோதித்த குழுவுக்கு நான் தலைவன். ஏவுவதற்கு முன் அதன் மாதிரியைத் தரையிலிருந்தே வானம் பார்க்க வைக்க வேண்டும். வெளிச்சம் குறைந்த ஊர் தேடினார்கள். செஞ்சி என் சொந்த ஊர், சொன்னேன். கோட்டை மலைக்குக் கீழே ஒரு நெல் குடோனை வாடகைக்குப் பிடித்தோம்.

நட்சத்திரங்களின் புற ஊதா ஒளியைப் பிடிக்கும் உணரியைச் செய்த பொறியாளரும் செஞ்சிக்காரர்தான். பஜாரில் இரும்புக் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். என்னைவிடச் சின்னவர், "அண்ணே" என்பார். இந்தச் சோதனையில் தேறினால் அவருடைய உணரி விண்ணுக்குப் போகும். இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து வாங்கிவிடுவார்கள்.

திரவ நைட்ரஜன் ஊற்றிக் குளிர வைத்ததும் உணரி காட்டிய ஒளி மங்கியது. சூடாக்கித் திறந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. மூடிக் குளிர வைத்தால் மறுபடி மங்கல். வயர்களை மாற்றினோம். கரண்டைச் சந்தேகித்து ஸ்டெபிலைசர் வாங்கினோம். ஒன்றும் பிடிபடவில்லை.

இடையில் ஒருநாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். மறுநாள் போனபோது பொறியாளர் முகம் மலர்ந்திருந்தது.

"அண்ணே, நேத்து கொஞ்சம்கூட மங்கல!"

"அப்போ சாருக்குத் தெனம் காய்ச்சல் வரட்டும்னு வேண்டிக்க வேண்டியதுதான்" என்றார் டெக்னீஷியன். எல்லோரும் சிரித்தோம். பொறியாளர் மட்டும் என் கையிலிருந்த கற்பூரத் தட்டையே பார்த்தார். தினமும் காலையில், மூடி திறந்திருக்கும்போதே கருவியைச் சுற்றிக் கற்பூரம் காட்டுவது என் வழக்கம்.

"ரெண்டு நாளைக்கு வெளிய வச்சுக் காட்டுங்களேன், அண்ணே."

"சாமிக்குக் காட்டறதுல உனக்கு இன்னா கஷ்டம்?" என்றேன்.

அதன்பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் நிறுத்தவில்லை. குளிரில் உணரியை நம்ப முடியாது என்று அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். வெளிநாட்டு உணரிதான் விண்ணுக்குப் போனது.

கற்பூரம் ஆவியாகும், உணரியின் குளிர்ந்த கண்ணாடியில் படியும், சூடானால் தடமில்லாமல் மறையும். பௌதிகம் படித்த எனக்கு இது அன்று தோன்றவில்லையா? தோன்றியதைத் தள்ளிவிட்டேனா? கேட்டவர் வேறொருவராக இருந்தால் தட்டை வெளியே கொண்டுபோயிருப்பேனா? இந்த வயதிலும் குழம்புகிறேன்.

சில வருடங்கள் கழித்து செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். அதற்குள் ஆராய்ச்சியை விட்டுவிட்டு, குடும்பத்தின் இரும்புக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நலம் விசாரித்துவிட்டுக் கேட்டார்:

"அது எதனால மங்குச்சுன்னு தெரிஞ்சுதா, அண்ணே?"

தெரியாமல் கேட்டாரா, என் வாயால் வரட்டும் என்று கேட்டாரா?

"தெரியலப்பா" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அவலூர்பேட்டை பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.