இரண்டாவது பொட்டலம்

நான் சாமியை ஏமாற்றினேன். சாமியை மட்டும் ஏமாற்றியிருந்தால் அது எனக்கும் அதற்கும் உள்ள வழக்கு என்று விட்டிருப்பேன். பதினெட்டுக் குடும்பங்களையும் சேர்த்து ஏமாற்றினேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளியைத்தான் வைத்துக் கட்டினேன்!

சொல்லிவிட்டேன். இனி நீங்கள் எழுந்து போனாலும் போகலாம். ஆனால் தயவுசெய்து, முழுவதையும் கேட்பதற்குள் என்னை மன்னித்துவிடாதீர்கள். எடுத்ததற்கெல்லாம் மன்னித்துவிடும் ஆட்களைக் கண்டாலே எனக்கு எரிகிறது.

பூக்கட்டிப் பார்ப்பது உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். ஒரு வாழையிலைத் துண்டில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து, நாரால் கட்டி, சாமி முன்னால் வைப்பார்கள். ஒருவர் வந்து ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் சம்மதமில்லை. எங்கள் லயத்தில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. எடுக்காமல் கிடக்கும் இரண்டாவது பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது. பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாகும். கட்டியவனே அதைக் கொண்டுபோய் ஓடும் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

அந்தக் கட்டுப்பாட்டில்தான் நான் தப்பித்தேன்.

எங்கள் லயம் என்றேன். வரிசை வீடுகள்தான், ஆனால் அது தோட்டத்து லயமல்ல. மலாக்காவுக்கு வெளியே, டுரியான் துங்காலுக்குப் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ராணுவ முகாம் இருந்தது. முதலில் வெள்ளைக்காரன், பிறகு நம் நாட்டு ராணுவம். அவர்களுக்குத் துணி வெளுக்கவும் புல் வெட்டவும் சமையல்கட்டில் பாத்திரம் கழுவவும் கொண்டுவரப்பட்ட தமிழர்கள், வேலிக்கு உட்புறமாகவே இரண்டு வரிசை வீடுகளில் குடியிருந்தோம். என் அப்பா சலவைக்கூடத்தில் வேலை செய்தார். நான் பிறந்தது அங்கேதான். வீடுகளுக்குப் பின்னால் ஒரு பெரிய அங்சானா மரம், அதனடியில் ஒரு கல், ஒரு சூலம். அதுதான் எங்கள் முனியாண்டி.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராணுவம் முகாமைக் காலி செய்துகொண்டு போனது. சனங்கள் போகவில்லை. நான் மட்டும் அதற்கு முன்பே மலாக்காவில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாகி, டவுனில் வீடு பார்த்துக் குடியேறியிருந்தேன்.

எனக்கு நாடகப் பைத்தியம். என்னோடு ஏழெட்டுப் பேர். ஒத்திகை பார்க்க இடமில்லாமல் கோயில் மண்டபம், பள்ளிக் கொட்டகை என்று கெஞ்சித் திரிந்தோம். அந்தச் சமயத்தில்தான் பழைய முகாமை மக்கள் கலைக் கிராமமாக மாற்றப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. சிப்பாய்கள் படுத்த கூடங்களில் ஓவியம், பாத்திக் துணி, மண்பாண்டம்... அணிவகுப்புத் திடலில் திறந்தவெளி மேடை! நான் விண்ணப்பம் எழுதிக்கொண்டு ஓடினேன்.

திட்ட அதிகாரி நல்ல மனிதர். அவரைத் திட்டத்தான் எனக்கு ஆசை, ஆனால் முடியவில்லை. என்னை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார். ஆயுதக் கிடங்கைக் காட்டி, இதைத் தமிழ் நாடகத்துக்கு ஒதுக்கலாம் என்றார். பிறகு வரைபடத்தில் எங்கள் லயத்தின் மேல் விரலை வைத்தார். அந்த இடம் கார் நிறுத்த வேண்டும், அங்கிருப்பவர்களுக்கு டவுனில் அடுக்குமாடி வீடு தருகிறோம், உங்கள் ஆட்கள்தானே, பேசிப் பாருங்கள் என்றார். பொய் சொல் என்று அவர் சொல்லவேயில்லை. அதை நானே கண்டுபிடித்தேன்!

பேசிப் பார்த்தேன். பாதிப்பேர் தயாராகத்தான் இருந்தார்கள். நடுவில் நின்றவர் அஞ்சலை அக்கா. பக்கத்து வீடு, என் அம்மா இறந்த வருடம் எனக்கு மூன்று வேளையும் சோறு போட்டவர். கணவர் இல்லை. இருபது வருடம் சிப்பாய்களின் சட்டைக்குக் கஞ்சி போட்டுத் தேய்த்த கை அவருடையது.

"மக்கள் கலைக் கிராமம்னு போர்டு போட்டுட்டு மக்களை ஏன்டா வெளிய போவச் சொல்றானுங்க?" என்று என்னிடம்தான் கேட்டார். "நம்ம பயலுங்க அடிக்கிற உருமி மேளம் கலை இல்லியா? நம்ம திருவிழா கலை இல்லியா? நாங்களும் ஒரு மூலைல இருந்துட்டுப் போறம்லா. கேட்டுச் சொல்லு குணா."

நான் கேட்கவில்லை. கேட்டதாகவும் அவர்கள் மறுத்துவிட்டதாகவும் சொன்னேன். பாருங்கள், பூவுக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டேன்.

அக்கா விடவில்லை. வெகுகாலத்துக்கு முன் இருந்த ஓர் அதிகாரி, இந்தக் குடும்பங்கள் விரும்பும்வரை இங்கே இருக்கலாம் என்று எழுதிக் கொடுத்த கடிதத்தை மைலோ டின்னுக்குள் பத்திரமாக வைத்திருந்தார். அதை எடுத்துக்கொண்டு மலாக்காவில் ஒரு வக்கீலைப் பார்த்தார். வழக்குப் போட இடமிருக்கிறது, ஆனால் யாரும் வீட்டைக் காலி செய்யக் கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை எல்லாரும் போய்க் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு.

போட்டிருந்தால் என் கிடங்கு போயிருக்கும். எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் அதுதான்.

போகலாம் என்பவர்களும் கூடாது என்பவர்களும் மோதிக்கொண்டபோது, போகலாமா என்று முனியாண்டியையே கேட்டுவிடுவோம் என்று யாரோ சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை என்று முடிவானது. யார் கட்டுவது? அங்கே குடியிருப்பவன் கட்டினால் பேச்சு வரும். வெளியே போனவன், படித்தவன், முனியாண்டி முன்னால் வளர்ந்த பிள்ளை... எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்காதான் முதலில் வாய்விட்டுச் சொன்னார். "குணா கட்டட்டும். அவனுக்கு என்னா லாபம் இதுல?"

அன்று காலை குளித்து, பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் போனேன். விரதம் வேறு! அயோக்கியத்தனத்துக்கு விரதம்! வழக்கப்படி கல்லுக்குப் பின்னால், சனங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன். தாம்பாளத்தில் இலை, நார், வெள்ளை அரளி, சிவப்பு அரளி. வெள்ளையில் ஒன்றைக் கட்டினேன். மறுபடி வெள்ளையை எடுத்தேன். என் கை நடுங்கியது என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. நடுங்கவில்லை. சிவப்புப் பூக்களைக் கசக்கி மரத்தடிச் சருகுக்குள் தள்ளினேன்.

பொட்டலத்தைச் சின்னக் குழந்தை எடுப்பதுதான் முறை. அக்கா முன்னால் வந்தார். "போவக் கூடாதுன்னு சொல்றவ நான்தான். நானே எடுக்கறேன். நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது" என்றார்.

எடுத்தார். பிரித்தார். வெள்ளை.

ஒரு வார்த்தை வாதாடவில்லை. கல்லின் முன்னால் விழுந்து கும்பிட்டு எழுந்து, வக்கீலிடம் போக வேண்டாம் என்று எல்லாரிடமும் சொன்னார். அந்தப் பழைய கடிதத்தை என் கையில் கொடுத்து, "இனி இது எனக்கு எதுக்கு? சாமியே சொல்லிடுச்சி" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். இரண்டாவது பொட்டலத்தை முகாமின் பெரிய கால்வாயில் விட்டேன். அது மிதந்து போவதை நின்று பார்த்தேன். யாராவது ஒருவர்... ஒரே ஒருவர் அதைப் பிரிக்கச் சொல்லியிருக்கலாமே! அவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான். இப்படியா ஒருவனை நம்புவது?

இரண்டு மாதத்தில் லயம் தரைமட்டம். அங்சானா மரத்தை மட்டும் நிழலுக்காக விட்டுவைத்தார்கள். கல்லையும் சூலத்தையும் அடுக்குமாடிக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நட்டார்கள். திறப்புவிழாவில் பெரியவர்கள் பேசினார்கள், பள்ளிப்பிள்ளைகள் ஆடினார்கள். எங்கள் உருமி மேளக்காரர்களை வாசலில் நிறுத்தி, விருந்தினர் வரும்போது மட்டும் அடிக்கச் சொன்னார்கள். பத்து நிமிடம் கழித்து, சத்தம் அதிகம், போதும் என்றார்கள். அவர்கள் பிறந்த மண்ணில்! நான் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு உள்ளே நின்றேன்.

கிடங்கு எனக்குக் கிடைத்தது. அங்கே நான் போட்ட முதல் நாடகம் எதைப் பற்றித் தெரியுமா? தோட்டம் துண்டாடப்பட்டு வீடிழந்த சனங்களைப் பற்றி! துரோகம் செய்யும் கங்காணியாக நானே நடித்தேன். கைதட்டு ஓயவில்லை. பத்திரிகையில் படத்தோடு வந்தது. முன்வரிசையில் அஞ்சலை அக்கா உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் என் கையைப் பிடித்து, "நம்ம கஷ்டத்த அப்படியே சொல்லிட்டடா" என்றார். அன்றைக்கே என் நாக்கு அறுந்து விழுந்திருக்க வேண்டும்.

விழவில்லை. இன்னும் இரண்டு நாடகம் போட்டேன்.

சில வருடம் கழித்து அக்கா ஆள் அனுப்பினார். அவர் வீடு நான்காவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. இனிப்புநீர் வியாதி முற்றி, வலது காலை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பிள்ளைகள் கெஞ்சியும் அக்கா கேட்கவில்லை.

"பூக்கட்டிப் பாத்துட்டுத்தான் போவேன். நீயே கட்டு, குணா. அன்னைக்கு நீதான ஒழுங்கா கட்டுன."

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல சமயம் வாய்க்குமா? சொல்லியிருந்தால் என்னைக் காறித் துப்பிவிட்டு, பூவையும் தூக்கி எறிந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். நான் சொல்லவில்லை. மறுபடியும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, மறுபடியும் இரண்டிலும் வெள்ளையை வைத்தேன். அக்கா காலை எடுக்கச் சம்மதித்தார். பிழைத்துக்கொண்டார்.

உயிரைத்தானே காப்பாற்றினாய் என்று ஆறுதல் சொல்ல வருகிறீர்களா? வராதீர்கள்! என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். அவர் உயிர் அதில் கூடவே வந்துவிட்டது.

போன வாரம் போயிருந்தேன். சன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, மடக்கிய சேலைக்குக் கீழே இல்லாத காலைத் தடவிக்கொண்டிருந்தார். திடீரென்று கேட்டார்.

"குணா, சாமி நம்மள ஏன்டா போவச் சொல்லிச்சி?"

நான் சன்னல் வழியாகக் கீழே குப்பைத் தொட்டிகளைப் பார்த்தேன்.

"நானும் தெனம் யோசிச்சிப் பாக்கறேன். அந்த வருசம் தீட்டோட வெளக்கு ஏத்துனனோ என்னமோ... ஞாபகம் இல்ல. நான் எதோ தப்புப் பண்ணிட்டேன். அதான் என்னையே எடுக்க வெச்சி, போடின்னு சொல்லிடுச்சி. காலையும் எடுத்துக்கிச்சி. என்னால எல்லாருக்கும் வீடு போச்சிடா."

இத்தனை வருடமாக அவர் அதைத்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறார். நான் வைத்த பூவுக்கு அவர் தன்னிடத்தில் குற்றம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்! வீடு போனது, கால் போனது, அதெல்லாம் ஒருபக்கம். தெய்வத்துக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று ஒரு கிழவியை நம்ப வைத்தேனே... இதற்கு எந்தச் சட்டத்தில் என்ன தண்டனை?

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னும் ஒரே ஒரு தடவ கட்டிக் குடுடா. எம்மேல இருக்கற கோவம் தீந்துச்சான்னு மட்டும் கேட்டுக்கறேன். வெள்ள வந்தா நிம்மதியாப் போயிடுவேன்."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நாளை ஞாயிற்றுக்கிழமை. வாழைநார் நனைத்து வைத்திருக்கிறேன். இலை நறுக்கியாகிவிட்டது. பாசாரில் பூக்காரி முன்னால் காலையில் வெகுநேரம் நின்றேன். வெள்ளையும் சிவப்பும் பக்கத்துப் பக்கத்துக் கூடையில் இருந்தன. எது வேண்டும் என்று அவள் இரண்டு முறை கேட்டாள். ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன்.